அச்சுக்குப் போன கோப்பு எங்கே?

பார்வையற்ற மாணவருக்குப் பாடநூல் கிடைக்காமல் போவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தைக் குறைசொல்ல முடியாது. இலாப நோக்கமின்றி அவர்கள் படிக்கும் வடிவில் ஒரு நூலை மாற்ற, பதிப்பாளரின் அனுமதி வேண்டாம் என்று 2012-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டோம். இதற்கென உலக நாடுகள் கூடி 2013-இல் உருவாக்கிய மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். அவர்களுக்கான ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016-இல் வந்தது. அப்படியும் தமிழ்வழியில் படிக்கும் கல்லூரி மாணவர், வாசித்துக் காட்ட ஆள் தேடி அலைகிறார்.

கோளாறு எழுத்துருவில் இருக்கிறது. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மாதான். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் பாவம், இருப்பதைத்தானே படிக்கும்? தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதியும் யூனிகோடு வந்து இத்தனை காலமாகியும் இப்படித் தட்டச்சான பக்கங்கள் அச்சகங்களில் மலிந்து கிடக்கின்றன.

வேறு வழியின்றித் தன்னார்வலர்கள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரியில் போட்டு, பிழை திருத்துகிறார்கள். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போயிருக்கும். துணைக்கால் ‘ர’ ஆகியிருக்கும். திருத்தி முடிப்பதற்குள் பருவத்தேர்வு வந்துவிடும். இத்தனைக்கும் அந்த நூல் ஏற்கெனவே ஒருமுறை கணினியில் தட்டச்சாகி, மெய்ப்புப் பார்த்து முடிந்தது. ஒரே வேலையை இரண்டு முறை, இரண்டாவது முறை கூலியில்லாமல் செய்ய வைக்கிறோம். இதைச் சேவை என்று மேடைபோட்டுப் பாராட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யூனிகோடு கோப்பு கிடைத்துவிட்டால் அதையே கேட்கலாம், பெரிய எழுத்தில் பார்க்கலாம், மென்பொருள் வழியே பிரெயிலாகவும் மாற்றலாம். வரைபடமும் சமன்பாடும் தனிப்பாடு; அவற்றுக்கு விவரம் எழுதப் பாடம் தெரிந்தவர் வேண்டும். அதை நூலாசிரியரைவிடச் சரியாக யார் எழுதுவார்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பதினெட்டு வயது வரை நூல்களை இலவசமாகத் தரச் சொல்கிறது. கல்லூரிக்குப் போகும் வயதில் அந்த வரம்பு முடிந்துவிடுகிறது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கோரிக்கை: யூனிகோடு கோப்பை ஒப்படைக்காத நூலைப் பாடத்திட்டத்தில் சேர்க்காதீர்கள்.