நுகத்தடியில ஆணி அடிக்காதீங்க

போன மாசம் சென்னையிலேர்ந்து தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணே, அப்பா ஏர் ஓட்டின நுகத்தடி மாட்டுக் கொட்டாய்ல கிடக்குமே, அதை எனக்குக் குடுத்துரேன். வீட்டு ஹால் சுவத்துல மாட்டி, ரெண்டு லைட்டு தொங்க விடலாம்னு இருக்கேன்" அப்படின்னா.

எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துருச்சு. "அது என்ன பொம்மையா? மாடு கழுத்துல சுமந்ததும்மா"ன்னு சொல்லி வச்சிட்டேன்.

வச்ச கையோட கொட்டாய்க்குப் போய்ப் பார்த்தேன். பரண்ல சாய்ச்சு வச்சிருந்த நுகத்தடியோட ஒரு முனையில கரையான் புத்து. விரலால தட்டினா மண்ணா உதிருது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த ஒன்பது வருஷத்துல அதை நான் ஒரு தடவை கூட எடுத்துத் துடைக்கல. டிராக்டர் வந்தப்புறம் அதுக்கு வேலையும் இல்ல. கரையானுக்குக் குடுக்க மனசு இருக்கு, கூடப் பொறந்தவளுக்குக் குடுக்க இல்லையான்னு நினைச்சப்ப எனக்கே வெட்கமாப் போச்சு.

பட்டணத்துல இருக்கறவங்க பழைய மரத்தைக் கேட்டா, கிராமத்துல நாம முகம் சுளிக்கறோம். ஆனா நாம அதை என்ன லட்சணத்துல வச்சிருக்கோம்? 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் அடிச்சப்ப, எங்க பேராவூரணி, ஆலங்குடி பக்கம் தென்னையும் பலாவும் சாய்ஞ்சு கிடந்த கோலத்தை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. எங்க கொல்லையில தாத்தா வச்ச பலா வேரோட விழுந்துச்சு. பலாக் கட்டைன்னா சாதாரணமா? தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதுதான். அறுத்தப்ப மஞ்சளா இருக்கும், வருஷம் ஆக ஆகத் தேன் நிறத்துக்குப் போகும். ஆனா அன்னைக்கு ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கு. அறுக்க ஆள் இல்ல, கரண்டு இல்ல, கூரை இல்ல. வந்த வியாபாரி சொன்ன விலைக்கு, விறகு மாதிரி, ஏத்தி விட்டுட்டோம். அப்பத்தா மட்டும் அடிக்கட்டையில ஒரு துண்டைப் பிடிவாதமா நிறுத்தி வச்சுச்சு. அதுலதான் பின்னாடி ஒரு மணைப்பலகை செஞ்சோம். தாத்தா மரத்துல இன்னைக்கு எங்ககிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒத்தைப் பலகைதான். அம்மா அதுல உக்காந்துதான் காய் நறுக்கும்.

அதனால தங்கச்சிக்குத் திரும்பப் போன் போட்டேன். தர்றேன், ஆனா வேலையை நம்ம ஊர் ஆசாரிதான் செய்வார்னு சொன்னேன். அவ சரின்னுட்டா.

ஆசாரி நுகத்தடியைக் கையில தூக்கின உடனே சொன்னார், "நுணா மரம் தம்பி." மாட்டுக் கழுத்து நோகக் கூடாதுன்னு கனம் குறைஞ்ச நுணாவைத்தான் நுகத்துக்குப் பார்த்து எடுப்பாங்க. கரையான் தின்ன முனையை அரை அடி வெட்டி எறிஞ்சார். மீதியை நாலு நாள் நல்ல வெயில்ல போட்டு, வேப்பெண்ணெய் தடவி வச்சார்.

அப்புறம்தான் சண்டை ஆரம்பிச்சது. தங்கச்சிக்கு இழைச்சு, பாலிஷ் போட்டு, பளபளன்னு வேணும். வயர் போக நடுவுல துளை போடணும். ஆசாரி இழைப்புளியைத் தொடவே மாட்டேன்னுட்டார். காரணம் இருக்கு. நுகத்தடியோட அடிப்பக்கம் மாட்டுக் கழுத்து உரசி உரசி ரெண்டு இடத்துல பள்ளம் விழுந்திருக்கும். எந்த உப்புத்தாளும் அந்த வழவழப்பைக் கொண்டு வர முடியாது. அதை இழைச்சு எடுத்துட்டா மிஞ்சறது வெறும் கட்டை. கடையில நூறு கிடைக்கும்.

உண்மையாவே கிடைக்குதுங்க. பச்சை மரத்தை வெட்டி, நெருப்புல வாட்டி, சங்கிலியால அடிச்சு வடு உண்டாக்கி, "பாட்டன் காலத்துக் கலப்பை"ன்னு விக்கறாங்க. ஒரு ஓட்டல்ல வண்டிச் சக்கரத்து மேல கண்ணாடி போட்டு மேசையா வச்சிருந்தாங்க. குனிஞ்சு பார்த்தேன். குடத்துல வண்டி மை பட்ட தடமே இல்ல. ஒரு நாளும் ரோட்டுல உருளாத சக்கரம்! அழகுக்கு வாங்கறவங்க வாங்கட்டும், நான் குறை சொல்லல. ஆனா அதைக் காட்டி ஊர் நினைப்பு வருதுன்னு சொல்லாதீங்க. யாரு ஊர் நினைப்பு?

உங்க வீட்டுலயே தேடிப் பாருங்க. ஊர்ல பூட்டிக் கிடக்கற வீட்டோட நிலைக்கதவு இருக்கும், தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை இருக்கும், உடைஞ்ச கட்டில் கால் இருக்கும். வீட்டை இடிக்கக் கான்டிராக்ட் விடும்போது "மரச் சாமான் எல்லாம் நீங்களே எடுத்துக்கங்க"ன்னு ஒரு வார்த்தையில விட்டுடாதீங்க. மில்லுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஆணியெல்லாம் பிடுங்கிடுங்க. உள்ள ஆணி இருந்தா ரம்பம் போயிடும், மில்லுக்காரர் கிட்டவே சேர்க்க மாட்டார். செய்யறதை தினம் கை படற மாதிரி செய்யுங்க. மணை, முக்காலி, சாவி மாட்டற பலகை, எதுவானாலும் சரி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள போனா ஆறே மாசத்துல யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆசாரிகிட்ட கூலிக்குப் பேரம் பேசாதீங்க. புது மரத்துல ஒரு நாள்ல முடியற வேலை பழைய மரத்துல மூணு நாள் இழுக்கும்.

கடைசியில லைட்டு யோசனையைத் தங்கச்சியே விட்டுட்டா. பூட்டாங்கயிறு கட்ட ஏற்கனவே இருந்த துளைகள்லயே ஆசாரி கட்டை முளை இறக்கினார். புதுசா ஒரு துளை கூடப் போடல. வார்னிஷ் இல்ல, ஆளிவிதை எண்ணெய் மட்டும் ரெண்டு தடவை. சுவத்துல ரெண்டு இரும்பு வளையம் அடிச்சு, அதுல கயிறு போட்டுத் தொங்க விட்டிருக்காங்க. பையும் குடையும் சாவியும் இப்ப அதுல தொங்குது.

முந்தாநாள் ராத்திரி அவ பையன் வீடியோ கால்ல வந்தான். நுகத்தடி பக்கத்துல நின்னுகிட்டு, "மாமா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் பள்ளம் ஜாஸ்தியா இருக்கு?"ன்னு கேட்டான்.

"அது இடத்து மாட்டுப் பக்கம்டா. செவலை நின்ன இடம். வலத்து மாடு மயிலை கொஞ்சம் சோம்பேறி, பாரத்தையெல்லாம் செவலைதான் இழுக்கும்"னேன்.

"அப்ப என் ஸ்கூல் பேக்கை மயிலை பக்கம் மாட்டறேன்"னான்.