காரா, கொலு பொம்மையா?

பழைய காரை வாங்கி வந்து ஒருத்தர் வீட்டு வாசலில் பிரித்துப் போட்டால், விருதுநகர் - சிவகாசிப் பக்கம் முதலில் வரும் வசனம், "காசைக் கரியாக்குறான்". ஊரெல்லாம் காசைக் கரியாக்கினால்தான் நம்ம பக்கம் அடுப்பே எரியும் என்பது அந்த நேரம் யாருக்கும் ஞாபகம் வராது :)

பி.காம். படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்த் தேய்மானக் கணக்கு போட்டுக் காட்டுவார்கள். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம். சரி. ஆனால் குறைந்துசெல் மதிப்பு முறையில் எத்தனை வருஷம் போட்டாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது என்பதும் அதே பாடப்புத்தகத்தில்தானே இருக்கிறது?

ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் தொழிற்சாலையில் தயாரான கார். இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டின் வாரிசு. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு வந்தது இந்தியாவில் மட்டும்தான். வீட்டிலேயே பிரித்து மாட்ட இதைவிடத் தோதான வண்டி கிடையாது. பாடி தனி, சேஸிஸ் தனி, நடுவில் போல்ட்டுதான். பானெட்டு மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் கை வைக்கலாம். வண்டி சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், சிவகாசிச் சந்துகளுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. இங்கே காற்றில் ஈரம் குறைவு. பட்டாசுத் தொழிலை வாழ வைத்த அதே வறட்சி பழைய தகரத்தையும் காப்பாற்றுகிறது. கடலோரத்து உப்புக் காற்றில் நின்ற வண்டியின் தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். நட்டைக் கழற்றப் போனால்தான் சங்கதி. அதெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர். 12 நம்பர் ஸ்பானர் ஏறாது, 13 ஆடும். ஆடுவதை வைத்து அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அப்புறம் உளி, சுத்தியல், ஒரு நாள் பொழுது. ஒரு ரப்பர் புஷ்ஷுக்காகப் புதுப்பேட்டை வரை அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கெஞ்ச வேண்டும். இதற்கு மேல் இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்துக்கும் அது ஆகாது. எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சுலபமான வழியும் உண்டு. ஆளிடம் கொடுத்து, துரு மேலேயே பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டு "ரீஸ்டோர் பண்ணியாச்சு" என்று மாலை போட்டு நிறுத்தலாம். அது ரீஸ்டோர் இல்லை, ஒப்பனை. சொந்தக் கையால் கார்பரேட்டரைக் கழுவி மாட்டி, நாலாவது முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்போது வருகிற சந்தோஷம் அதில் துளியும் வராது.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஓட வைத்தவருக்கு அரசாங்கம் என்ன செய்கிறது? 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000. பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதே கதை. வண்டி ஓடியது பத்து கிலோமீட்டரா, பத்தாயிரமா என்று கேட்பாரில்லை.

50 வயசு ஆகிவிட்டால் "விண்டேஜ்" என்று பதியலாம் என்று 2021-ல் விதி வந்தது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாதாம். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான். கொலு பொம்மையை வருஷத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்குகிற மாதிரி. கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்ற கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, அது அவர்கள் வேலை, நன்றாகவே செய்கிறார்கள். வாசலில் உட்கார்ந்து கை கறுத்தவன் வண்டியை ஓட வைத்தது திருத்தங்கல் வரைக்கும் ஒரு நடை போய் வருவதற்கு. ஓட்டிய கிலோமீட்டருக்குத் தகுந்த கட்டணம், புகைச் சோதனையில் தேறினால் சலுகை என்று வைப்பதில் என்ன கஷ்டம்?

ஹெரால்டாவது 50-ஐத் தாண்டிவிட்டது. அதே வண்டலூர் ஆலையிலிருந்து 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-ஐ வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். 1988-ல் ஆலையையே மூடிவிட்டார்கள், உதிரி பாகம் கேட்க நாதி இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வண்டிகளுக்குப் பொம்மை அந்தஸ்து கிடைக்கவே 2038 ஆக வேண்டும்.