பிறர் பட்ட துன்பத்தை நாம் பார்க்கலாமா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

உண்மையில் நடந்த விபத்துகளையும், அவற்றில் உயிர் தப்பியவர்களின் கதைகளையும் திரைப்படமாகப் பார்ப்பது சரியா, தவறா? இவ்வாண்டு எங்கள் வகுப்பில் மதிய உணவு வேளையில் அதிகமாக வாதிடப்பட்ட பொருள் இதுதான். கணக்குப் பாடத்திற்குக்கூட இவ்வளவு நேரம் நாங்கள் செலவிட்டதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

வாதத்தைத் தொடங்கி வைத்தது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம். 2006-ஆம் ஆண்டு கேரளத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். அதில் விழுந்தவர் எவரும் உயிரோடு மீண்டதில்லை என்று ஊரார் கூறியும் கேளாமல், மற்றொரு நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரைத் தூக்கி வந்தார். 2024-இல் வெளியான இப்படம், தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலேயே நம் ஊர்களில் நாட்கணக்காக ஓடியது. படத்தைப் பார்த்துவிட்டு அந்த நட்பைப் புகழ்ந்தவர்கள் பலர். தடுப்பு வேலியைத் தாண்டி அதே குகைக்குள் இறங்கி வனத்துறையினரிடம் பிடிபட்டவர்களும் உண்டு! ஒரே படத்தைப் பார்த்துத்தான் இரண்டு விதமும் நடந்தது.

எங்கள் தாய்மார்களில் ஒருவர், "அடுத்தவங்க அழறதைப் பார்க்கறதுக்கு டிக்கெட் வேறயா?" என்று கேட்டார். நன்னெறி வகுப்பில் இதைச் சொன்னபோது அருட்சகோதரி அவர்கள் சிரித்தார்கள். பிறகு, "நீங்கள் முடிவு தெரிந்துகொண்டு பார்க்கிறீர்கள். உள்ளே கிடந்தவனுக்கு முடிவு தெரியாது. அந்த வித்தியாசத்தை மறக்காமல் பார்த்தால் போதும்" என்றார்கள். அன்று எங்களுக்கு அது சரியாக விளங்கவில்லை. விளங்கியது கார்த்திகை மாதத்தில்.

அடைமழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த நாள் அது. அய்யம்பேட்டையில் உள்ள எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் ஆறு பேர் கூடினோம். அவளுடைய அண்ணனின் மடிக்கணினியில் 'தேர்ட்டீன் லைவ்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்து நாட்டில் கால்பந்து விளையாடும் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் தாம் லுவாங் என்ற குகைக்குள் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது, குகைக்குள் வெள்ளம் புகுந்து வழியை அடைத்துவிட்டது. ஒன்பது நாட்களுக்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே ஒருவருக்கும் தெரியாது. பத்தாம் நாள் இரண்டு ஆங்கிலேய முக்குளிப்பவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். பின்னர், சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, தூங்குகிற நிலையிலேயே நீருக்கடியில் ஒவ்வொருவராக வெளியே கொண்டு வந்தார்கள். ஜூலை 10 அன்று கடைசி ஆளும் வெளியே வந்தார். 13 பேரும் பிழைத்தார்கள். ஆனால் அவர்களுக்காகக் காற்று உருளைகளைச் சுமந்து சென்ற சமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர், ஜூலை 6 அன்றே குகைக்குள் இறந்துபோனார்.

எங்களை மிகவும் கவர்ந்த காட்சி நீர் இறைக்கும் காட்சிதான். குகையில் நீர் மட்டம் ஏறாமலிருக்க, குகைக்கு உள்ளேயிருந்தும் மலையின் மேலேயிருந்தும் நீரை வேறு பக்கம் திருப்பினார்கள். அந்த நீர் எங்கே போகும்? கீழே உள்ள நெல் வயல்களுக்குத்தான். பயிர் மூழ்கிவிடும் என்று தெரிந்தும் உழவர்கள் சம்மதித்தார்கள். அந்த இடத்தில் நாங்கள் ஆறு பேரும் கைதட்டிவிட்டோம்.

கைதட்டல் ஓய்ந்தபோது, அடுத்த அறையிலிருந்து 'சளக், சளக்' என்று ஓர் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தோம். தோழியின் தாயார் தறிக்குழிக்குள் இறங்கி, முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டு, வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். பாட்டி அதை வாங்கி வாங்கித் தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் படம் பார்க்க உட்காருவதற்கு முன்பே தொடங்கிய வேலையாம் அது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். குழித்தறியில் நெய்பவர் குழிக்குள் காலை விட்டுத்தான் மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் பூமிக்குள்ளிருந்து ஊற்று நீர் குழியில் ஊறும்; இறைக்க இறைக்க ஊறும். ஈரம் ஏறினால் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெசவு ஓடாது. புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. தறியில் பாதிப் புடவை நிற்கிறது, வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருக்கிறது என்றால் அதுவும் ஒரு முடிவு தெரியாத கதைதான் அன்றோ? ஆனால் அதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். அங்கே இடிந்து விழுவதற்கு ஒன்றுமில்லை, ஹெலிகாப்டரும் வராது.

இதைக் கண்டபின் எங்களில் இருவர், "இனி இப்படிப்பட்ட படங்களையே பார்க்கக் கூடாது" என்றார்கள். மற்றவர்கள் அதற்கு உடன்படவில்லை. படத்தில் அந்த உழவர்களைப் பார்த்திராவிட்டால், அடுத்த அறையின் ஓசை எங்கள் காதில் விழுந்தும் விழாமல் போயிருக்கும். அந்த வீட்டுக்கு நாங்கள் மழைக்காலத்தில் போனது அதுவா முதல் தடவை? ஆகவே பார்ப்பது தவறன்று என்பதே எங்களில் பெரும்பாலோர் கருத்து. எங்களுக்குள்ள குறை வேறு. இத்தகைய கதைகள் பெரும்பாலும் திரும்பி வந்தவர்களைப் பற்றியே பேசுகின்றன.

தனுஷ்கோடியை எண்ணிப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து சென்ற 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலையில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் யார் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள், யார் யாருக்கு இடம் விட்டார்கள் என்று சொல்ல ஓர் ஆளும் திரும்பவில்லை. சொல்ல ஆள் இல்லை என்பதால் அங்கே தியாகம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இதே டிசம்பர் 22-இல், எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1972-இல், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பனியில் 72 நாட்கள் சிக்கியிருந்தவர்களைத் தேடி மீட்பு ஹெலிகாப்டர்கள் வந்து சேர்ந்தன. உருகுவே நாட்டின் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பழைய மாணவர்கள் அமைத்த ரக்பி குழுவினர் சென்ற விமானம் அது. 45 பேரில் 16 பேர் மீண்டார்கள். உண்ண ஏதுமின்றி, இறந்த தோழர்களின் உடலையே உண்டு அவர்கள் உயிர் தாங்கினார்கள். அதற்காகத் திருச்சபை அவர்களைக் கண்டிக்கவில்லை என்பதை அருட்சகோதரி எங்களுக்கு மறைக்காமல் சொன்னார்கள். 2023-இல் வந்த 'சொசைட்டி ஆஃப் த ஸ்னோ' படத்தை எங்களில் சிலர்தான் பார்த்தோம். அதிலும் பாதி நேரம் கண்களை மூடிக்கொண்டோம். ஆனால் அதில் கதை சொல்பவர் மலையிலேயே இறந்துபோன நூமா என்ற இளைஞர். ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவருடைய பெயரும் வயதும் திரையில் தோன்றுகின்றன. எடுப்பதென்றால் இப்படி எடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

நம் பாலாற்றிலும் ஒரு நாள் நாங்கள் படம் பார்ப்பவர்களைப் போல நின்றதுண்டு. 2021 நவம்பரில், கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நாங்கள் அப்போது ஆறாம் வகுப்பு. அவளூர் செல்லும் தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. ஆண்டு முழுவதும் மணலாய்க் கிடக்கும் ஆறு, கரையிலிருந்து கரை வரை சிவப்பு நீராய் ஓடியது. ஊரே திரண்டு கைபேசியில் படம் பிடித்தது. வேர்க்கடலை விற்பவரும் வந்துவிட்டார். நாங்களும் வாங்கித் தின்றோம். சில நாட்களுக்குப் பிறகு அக்கரையிலிருந்து சுற்றி வந்த வகுப்புத் தோழியிடம், "உங்க பக்கத்திலேருந்து பார்க்க எப்படிடி இருந்துச்சு?" என்று ஆவலோடு கேட்டோம். "யாருக்குத் தெரியும்? நாங்க மாட்டைத் தேடிக்கிட்டு இருந்தோம்" என்றாள். மாடு கிடைக்கவில்லை.

மழை விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை, அந்தப் பாட்டிக்குத் தாய்லாந்துக் கதையை முழுவதும் சொன்னோம். தறிக்குழி காய்ந்து, நெசவு மறுபடி தொடங்கியிருந்தது. பாட்டி ராட்டை சுற்றிக்கொண்டே கேட்டார். மயக்க மருந்து கொடுத்ததற்கு மட்டும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "பசங்க வந்துட்டாங்க, சரி. அந்த வயல்காரங்க அந்த வருஷம் சோத்துக்கு என்னம்மா பண்ணாங்க?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. பழைய செய்திகளைத் தேடிப் படித்தோம். அரசாங்கம் இழப்பீடு தர முன்வந்தது என்றும், சில உழவர்கள் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் போட்டிருந்தது. மறுவாரம் மகிழ்ச்சியோடு போய்ப் பாட்டியிடம் சொன்னோம்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வேணாம்னு சொன்னவங்க வீட்ல கொஞ்சம் நெல்லு இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அறுந்த இழையை முடியத் தொடங்கினார்.