வாயைத் திற

‘வாயைப் பொத்திப் பேசு’ என்று நம் பாட்டன்மாருக்குச் சொன்னார்கள். ஆண்டை எதிரே வந்தால் துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும், கை வாய்க்குப் போக வேண்டும். நம் எச்சில் தீட்டு, நம் மூச்சுக் காற்றும் தீட்டு. டீக்கடையில் தனிக் குவளை வைத்ததும் இந்த வாய்க்காகத்தான். 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளுக்குச் சூடு போட்டவர்கள் அதோடு நிற்கவில்லை, மலத்தைத் தின்ன வைத்தார்கள். சாதி கடைசியில் வந்து நிற்கிற இடம் நம் வாய்.

இன்று அதே வாயைப் பார்த்து இன்னொரு குரல், ‘வாயை நல்லாத் திற’ என்கிறது. பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற பயிற்சி டாக்டரின் குரல். நாமும் திறக்கிறோம். அவருக்குத் தொழில் படிகிறது. பல் டாக்டர் படிப்புக்கும் நம் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் படிப்புக்குப் பாடப் புத்தகமே நம் வாய்தான்.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்களில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போய் வரிசையைப் பாருங்கள். சித்தாள், மூட்டை தூக்குகிறவர், குப்பை வண்டி தள்ளுகிற அக்கா, வீட்டு வேலைக்குப் போகிற அம்மா. காசு உள்ளவன் கிளினிக்குக்குப் போய்விடுகிறான். தனியார் கல்லூரிகள் பல, ஊர் ஊராக முகாம் போட்டு பஸ் வைத்து சனங்களை அழைத்துப் போவதும் ஊரறிந்த சங்கதி. இலவசம் என்று நோட்டீஸில் போட்டிருக்கும். வாய் இல்லாமல் அவர்களுக்குப் படிப்பு நடக்காது என்பது நோட்டீஸில் இருக்காது.

பி.டி.எஸ். நாலு வருஷம், அதற்கு மேல் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். பிறகு எம்.டி.எஸ். மூன்று வருஷம். எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள். அதில் ஒன்று வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை. புதைந்த கடைவாய்ப் பல்லை எடுப்பது, தாடைக் கட்டியை அகற்றுவது, உடைந்த தாடையைப் பிளேட் வைத்துச் சேர்ப்பது, புற்று வந்த இடத்தை வெட்டி எடுப்பது எல்லாம் இங்கேதான். வாய் நோயைக் கண்டறிவதற்குத் தனிப் பிரிவு. வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தனிப் பிரிவு. சமுதாயப் பல் மருத்துவம் என்று இன்னொன்றும் உண்டு.

அறுவை சிகிச்சை படிக்கிற பி.ஜி. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். எந்தெந்தச் சிகிச்சையைப் பார்த்தார், எதில் கூட நின்று உதவினார், எதைப் பேராசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்தார், எதைத் தாமே செய்தார் என்று பதிய வேண்டும். நல்ல முறைதான். படிப்படியாகத்தான் கை பழகும். புது டாக்டர் நம் மேல் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யாராவது ஒருவர் வாயில்தான் முதல் ஊசியைப் போட்டாக வேண்டும். என் கேள்வி வேறு. நம் வாயில் கற்றுக்கொள்கிறவர்கள், நம் வாய்க்கு வருகிற நோயைக் கற்றுக்கொள்கிறார்களா?

நான் வங்கியில் கிளார்க். என் விரலைப் பழக்கியது நோட்டுக் கட்டு. தடவினாலே நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று விரல் சொல்லிவிடும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் என் பையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் விரலுக்குப் பயம் உண்டு, பொறுப்பு உண்டு. பி.ஜி.யின் விரலைப் பழக்குவது நம் வாய். அங்கே கணக்கு குறைந்தால் கட்டுகிறவர் யார்? நாற்காலியில் படுத்திருக்கிறவர்.

என் சித்தப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பிடுங்கினார்கள். பக்கத்துப் பல்லும் ஆடியது. மறுபடி போனார், அதையும் பிடுங்கினார்கள். குழி ஆறவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ‘பல்லு போனா போவுதுடா, சோறு எறங்குனா போதும்’ என்று என்னிடம் சிரித்தார். மூன்றாவது முறை போனபோதுதான் ஒருவர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்தார். அதற்குள் கழுத்தில் கட்டி வந்துவிட்டது. சித்தப்பா அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. பல்லைப் பிடுங்கியவர்களின் கை நல்ல கை, வலியே தெரியவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். கை பழகியிருந்தது. கண் பழகவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,35,000 பேருக்குப் புதிதாக வாய்ப் புற்று வந்தது, சுமார் 75,000 பேர் அதில் செத்தார்கள் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. யாருக்கு வருகிறது? சாக்கடைக்குள் இறங்குகிறவன் நாற்றத்தை அடக்க வாயில் ஹான்ஸ் ஒதுக்குகிறான். நாற்று நடுகிற அம்மா பசியை அடக்க வெற்றிலை பாக்கோடு புகையிலைக் காம்பைக் கிள்ளிப் போடுகிறாள். ‘கெட்ட பழக்கம்’ என்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அந்த வேலையும் பசியும் யார் கொடுத்தது என்று கேட்கிற பாடம் எந்த வருஷத்தில் வருகிறது?

வெறும் பாக்கும் லேசுப்பட்டதல்ல. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்கு வாய்க்குள் விட முடியாது. இது பின்னால் புற்றாகலாம். வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், பல் பிடுங்கி ஆறாத குழி, காரணமில்லாமல் ஆடுகிற பல், இவற்றில் எதைப் பார்த்தாலும் சும்மா விடக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் சதையைக் கிள்ளிச் சோதிக்க வேண்டும். பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். வெளிச்சமும் கையுறையும் இருந்தால் போதும்.

பார்ப்பதால் என்ன ஆகும் என்று கேட்டால், பக்கத்திலேயே பதில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் சுமார் 1,90,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதி ஊர்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. 2005இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில், பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. மத்திய அரசும் 2016இல், 30 வயது முதல் 65 வயதுவரை உள்ளவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அப்படியானால் பி.ஜி.யின் நோட்டுப் புத்தகத்தில் எத்தனை பல் எடுத்தார் என்பதோடு, எத்தனை சேரிகளுக்குப் போனார், எத்தனை வாய்களைப் பார்த்தார், எத்தனை கிராமச் செவிலியருக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார், சந்தேகப்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு பக்கம் ஏன் கட்டாயமாகக் கூடாது?

இன்னொரு விஷயம், இது நேராக நம் வழக்குகளைத் தொடுகிறது. கலவரத்தில் அடிபட்டு வருகிற நம் பையனின் தாடை உடைந்திருக்கும், பல் போயிருக்கும். பல் முறிந்தாலோ இடம் பெயர்ந்தாலோ அது கொடுங்காயம் என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வேண்டுமென்றே சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் அதிகபட்சம் ஒரு வருஷம். கொடுங்காயம் என்றால் ஏழு வருஷம்வரை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கூடச் சேரும். ஏழா ஒன்றா என்பது ராத்திரி டியூட்டியில் இருக்கிற பயிற்சி டாக்டர் எழுதுகிற ஒற்றை வரியில் தொங்குகிறது. ‘உதட்டில் சிராய்ப்பு’ என்று எழுதிவிட்டு உடைந்த பல்லை எழுதாமல் விட்டால், எக்ஸ்ரே எடுக்காமல் விட்டால், கோர்ட்டில் நாம் எவ்வளவு கத்தினாலும் பல் முளைக்காது. பிளேட் வைத்துத் தாடையைச் சேர்க்க மூன்று வருஷம் சொல்லித் தருகிறவர்கள், காயச் சான்றிதழை ஒழுங்காக எழுதவும், கூட வந்து நிற்கிற பெரிய மனுஷன் பேச்சுக்கு மசியாமல் எழுதவும் சொல்லித் தர வேண்டும்.

நாற்காலியில் படுக்கிறவர்கள் நாம். பக்கத்தில் நிற்கிறவர்கள் யார்? அரசுக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, நம் பிள்ளைகள் சிலர் வந்துவிடுகிறார்கள். ஆனால் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சாதிவாரி இட ஒதுக்கீடு கிடையாது, கட்டணமோ லட்சங்களில். தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொடுக்கச் சட்டம் செய்யலாம் என்று 2005ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் வழி திறந்தது, 2014இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கதவு திறந்தே கிடக்கிறது. நம் வாய் வேண்டும், அதற்கு பஸ் அனுப்புவார்கள். நம் பிள்ளையின் கை வேண்டாம். தகுதி, திறமை என்று பேசுகிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் திறமை வளர்ந்தது யார் தாடையில்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒன்று, பயிற்சிக் காலத்தில் சேரிக்கும் ஊருக்கும் போய் வாயைப் பரிசோதிப்பது அறுவை சிகிச்சை பி.ஜி.க்கும் கட்டாயமாக வேண்டும். சமுதாயப் பல் மருத்துவக்காரர்கள் வேலை என்று தள்ளிவிடக் கூடாது. இரண்டு, பல்லைப் பிடுங்கும் முன் முழு வாயையும் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். மூன்று, காயச் சான்றிதழ் எழுதுவது தேர்வில் கேட்கப்பட வேண்டும். நான்கு, கை வைக்கிறவர் படிக்கிறவரா, கூட மூத்தவர் இருக்கிறாரா, என்ன செய்யப் போகிறார் என்பதைத் தமிழில் சொல்லி, நோயாளி சம்மதித்த பிறகே தொட வேண்டும். கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. வங்கியில் தினமும் கைநாட்டு வாங்குகிறவன் சொல்கிறேன், படித்துக் காட்டாமல் வாங்குகிற கைநாட்டுக்கு மையின் மதிப்புகூடக் கிடையாது. ஐந்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இட ஒதுக்கீடு.

பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம். பயிற்சி விதிகளைப் புதிதாக எழுதுகிற நேரம் இது. டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு நம் வாய் ஞாபகம் வராது. மனு போட வேண்டும், கல்லூரி வாசலில் நின்று கேட்க வேண்டும்.

பல் மருத்துவம் படிக்கிற தம்பி, தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீட்டு கிடைத்ததோடு நம் கணக்கு முடியவில்லை. லீவில் ஊருக்கு வரும்போது ஒரு டார்ச் லைட்டும் ஒரு பெட்டி கையுறையும் கொண்டு வாருங்கள். இயக்கத் தோழர்கள் தெருவில் பாய் விரித்து சனங்களை உட்கார வைக்கட்டும். மூன்று விரல் போகிறதா, திட்டு இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று ஒவ்வொருத்தராகப் பாருங்கள். சந்தேகம் என்றால் கூடவே பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேருங்கள். ‘வாயைத் திற’ என்று அங்கே நீங்கள் சொல்ல வேண்டாம். ‘வாயைத் திறங்க பெரியம்மா’ என்று சொன்னால் போதும்.