கோடையில் மானிடவியல்: மாணவர்களைக் களத்துக்கு அனுப்புங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை தொடங்கப்பட்டது 1945இல். எண்பது ஆண்டுகள் ஆன பிறகும், தமிழ்நாட்டில் இதைப் பட்டமாகப் படிக்க வழியுள்ள கல்வி நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், குடிமைப்பணித் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுப்போருக்குப் பஞ்சமில்லை. 500 மதிப்பெண்ணுக்காக ட்ரோப்ரியாண்ட் தீவுகளின் குலா பரிமாற்றத்தைப் பயிற்சி மையத்தில் உருப்போடுகிறவர், காசிமேட்டில் மீன் ஏலம் எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கோணலை நிமிர்த்த எளிய வழி உண்டு. பொறியியலோ மருத்துவமோ வணிகவியலோ, எதைப் படிக்கும் மாணவரும் சேரக்கூடிய நான்கு வாரக் கோடை மானிடவியல் வகுப்பை, கிரெடிட்டோடு, நம் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும்.

கோடை என்றாலே விடுமுறைக்குள் எதையாவது திணிப்பது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் களப்பணிக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். அடிப்பலகையைப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலை முடிவார்கள். கடலுக்குப் போகும் நாளில் நின்று பேச நேரமில்லாதவர்கள், அப்போது பேசுவார்கள். டீசலும் ஐஸும் கழித்த பிறகு படகுக்காரருக்கும் தொழிலாளிக்கும் பங்கு எப்படிப் பிரிகிறது? மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. அதுவரை அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனை எடுக்க, கூடைக்காரப் பெண்ணுக்கு யார் கடன் தருகிறார்கள், என்ன வட்டிக்கு? அரசு தரும் தடைக்கால நிவாரணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது? படிவத்தோடு போகிறவருக்கு இதற்கெல்லாம் ஒரு வரிப் பதில்தான் கிடைக்கும். பத்து நாள் கூடவே உட்கார்ந்திருப்பவருக்கு, அந்தப் பதிலை மறுத்துப் பக்கத்து வீட்டம்மாள் சொல்வதும் கிடைக்கும்.

வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களும் வெயில் காலத்தில்தான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஊர்வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று கவனித்தாலே, ஊரின் சாதிக் கணக்கு முழுதும் தெரிந்துவிடும். நாளைக்கு வட்டாட்சியராகவோ மருத்துவராகவோ அந்த ஊருக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நான்கு வாரத்தில் என்ன தெரிந்துவிடும் என்பது துறைக்காரர்களின் ஆட்சேபம். நியாயமானதுதான். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்டில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஆனால், கோடை வகுப்பின் வேலை மானிடவியலாளரை உருவாக்குவது அல்ல. முன்னுதாரணமும் இருக்கிறது. ஹார்வர்டில் இவான் வோக்ட் 1957இல் தொடங்கிய சியாபாஸ் திட்டத்தில், இளநிலை மாணவர்களும் கோடையில் மெக்சிகோவின் சினகாந்தான் ஊர்களுக்குப் போனார்கள். போகும் முன் சோட்சில் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் வளர்ந்த ராபர்ட் லாஃப்லின் 1975இல் அம்மொழிக்குப் பேரகராதியே வெளியிட்டார். நம் மாணவருக்கு மொழிச் சிக்கல் இல்லை. தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புதான் சிக்கல். அதை உடைக்க முதல் வாரம் போதாமல் போகலாம்.

நமக்கு இருக்கும் கவலை வேறு. நீலகிரிக்குப் பேருந்து பிடித்து, தோடர் குடியிருப்பில் புகைப்படம் எடுத்துத் திரும்பி, அதைக் களப்பணி என்று எழுதிவைக்கும் ஆபத்து இருக்கிறது. சீசனில் அந்த மலை படும் பாடு போதாதா? சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்த கதை, 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலிலேயே பதிவாகியிருக்கிறது. அளக்கப்பட்டவர்களுக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆகவே, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு ஊராரின் சம்மதம் இல்லாமல் எந்த மாணவரும் போகக்கூடாது. முதல் களம், கல்லூரியிலிருந்து நகரப் பேருந்தில் போகும் தூரத்திலேயே இருக்கட்டும். கற்றுத்தரும் வலைஞருக்கும் கூத்துக் கலைஞருக்கும் விருந்தினர் விரிவுரையாளருக்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும். மாணவர் எழுதும் அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். மதிப்பெண் போடும் முன் அது அந்த ஊரிலேயே வாசிக்கப்பட வேண்டும். தவறு இருந்தால் ஊரார் திருத்தட்டும்.

இதற்குப் புதுக் கட்டடமோ ஆய்வகமோ தேவையில்லை. ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக மாணவர்களின் திறன் பயிற்சிக்கு அரசு ஏற்கெனவே செலவிடுகிறது. மனிதரோடு பழகிக் கேட்டறிவதும் ஒரு திறன்தான் என்று அதில் சேர்த்தால் போதும். உயர்கல்வித் துறை ஒப்புதல் தரட்டும். பல்கலைக்கழகங்களின் கல்விக்குழுக்கள் இந்த ஆண்டே பாடத்திட்டத்தை நிறைவேற்றி, அடுத்த தடைக்காலம் தொடங்கும்போது முதல் வகுப்பைக் கடற்கரைக்கு அனுப்பட்டும்.