எரிவாயு மீட்டரை ஒளித்து வைக்காதீர்கள்

பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காலணி அடுக்கு, துளசித் தொட்டி, மிதிவண்டி, மழையில் நனைந்த குடை. இவற்றுக்குப் பின்னால், சுவரோரமாக, இரண்டு குழாய்களுக்கு நடுவே ஓர் உலோகப் பெட்டி தெரிகிறதா? அதுதான் எரிவாயு மீட்டர். சில அடுக்குமாடி வீடுகளில் அது சமையலறைப் பக்கம் இருக்கும். சிலவற்றில் பொது நடைபாதையில், துளையிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கும். தரைவீடுகளில் நுழைவாயில் அருகே இருப்பதுண்டு.

அண்மையில் உறவினர் ஒருவரின் தரைவீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சாயம் பூசி, வாசலை அழகுபடுத்தியிருந்தார்கள். “மீட்டர் அசிங்கமாக இருந்தது. அதனால் அலமாரி செய்து மூடிவிட்டோம்,” என்றார் அத்தை பெருமையாக. அலமாரியைத் திறந்தால், மீட்டரைச் சுற்றிப் பழைய செய்தித்தாள், சாய டப்பா, விளக்கெண்ணெய்ப் புட்டி. மீட்டரின் முகமே தெரியவில்லை. அதன் அடைப்பானைத் திருப்ப வேண்டுமென்றால் முதலில் பத்துப் பொருள்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். எரிவாயு மீட்டரை மூடி மறைப்பது தவறு. அது காற்றோட்டத்தோடு, கண்ணில் படும்படி, கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். இது வெறும் ஒழுங்குமுறை அல்ல; நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலே அப்படித்தான் சொல்கிறது.

சிங்கப்பூரில் குழாய்வழி வரும் நகர எரிவாயு செனோக்கோவில் தயாராகிறது. அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன். மீத்தேனும் வேறு சில வாயுக்களும் கலந்திருக்கும். ஹைட்ரஜனின் மூலக்கூற்று நிறை 2, மீத்தேனுக்கு 16. காற்றின் சராசரியோ ஏறத்தாழ 29. அதனால் நகர எரிவாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழும்பும். மீட்டர் அறைக் கதவில் மேலும் கீழும் துளைகள் வைப்பதன் காரணம் இப்போது புரியும். மேல் துளை வழியே வாயு வெளியேற, கீழ்த் துளை வழியே புதுக் காற்று உள்ளே வரும். அந்தத் துளையை ஒட்டுத்தாளால் அடைப்பதும், அதன்மேல் நாட்காட்டி மாட்டுவதும் மீட்டரின் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

கலனில் வரும் எல்பிஜி வாயுவின் கதை நேர்மாறானது. அதிலுள்ள புரொப்பேனின் மூலக்கூற்று நிறை 44, பியூட்டேனுக்கு 58. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அது கசிந்தால் தரையில் படரும். மலேசியாவில் பல வீடுகளில் கலன்தான் பயன்பாட்டில் உள்ளது. அங்கே தரையோரக் காற்றோட்டம் முக்கியம். எந்த வாயு என்று தெரிந்தால்தான் எங்கே ஆபத்து என்று தெரியும்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும் எல்லை தொடங்கிவிடும். மீத்தேனுக்கு அது 5 விழுக்காடு. அத்தையின் அலமாரி 100 லிட்டர் கொள்ளளவு கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 4 லிட்டர் ஹைட்ரஜன் தேங்கினால் போதும், ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும் பெட்டியாக அது மாறிவிடும். அதே 4 லிட்டர் திறந்த வாசலில் மெல்லக் கசிந்தால் காற்றில் கலந்து நீர்த்துப்போகும். கசிவின் அளவு ஒன்றுதான். ஆபத்தைக் கூட்டுவது நாம் செய்துவைத்த மூடி.

மூடிய இடத்தில் தேங்கும் வாயு என்ன செய்யும் என்பதை உலகம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், கட்டடத்துக்கு அடியிலிருந்த மூடிய இடத்தில் எரிவாயு தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மாணவர்கள். அந்த வாயுவுக்கு வாடை இல்லாததால் யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. அதன் பிறகே எரிவாயுவில் துர்நாற்றம் தரும் பொருளைக் கலப்பது சட்டமாகத் தொடங்கியது. இன்று உங்கள் மூக்கை எச்சரிக்கும் அந்த நாற்றத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறைத்து வைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. நம் ஊரின் ஈரக்காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். வாசலைக் கழுவும் தண்ணீரும் செடிக்கு ஊற்றும் தண்ணீரும் தினமும் குழாயில் பட்டால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும். கண்ணில் பட்டால் ஆரம்பத்திலேயே கவனிக்கலாம். அலமாரிக்குள் இருந்தால் யார் பார்ப்பது?

“மீட்டர் நம்முடையது இல்லையே, நிறுவனம் பார்த்துக்கொள்ளும்,” என்று சிலர் சொல்வார்கள். பழுதுபார்ப்பது நிச்சயமாக நம் வேலை அல்ல. சிங்கப்பூரில் எரிவாயுக் குழாய் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற ஊழியர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் தினமும் உங்கள் வாசலைக் கடந்து போவதில்லை, நீங்கள் போகிறீர்கள். தொலைவிலிருந்தே அளவை அனுப்பும் மீட்டர்கள் பெருகப் பெருக, நேரில் வந்து பார்க்கும் கண்களும் குறையும்.

அதனால் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள பொருள்களை அகற்றுங்கள். காய்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள்; தண்ணீரோ பிளீச்சோ வேண்டாம். துரு தெரிகிறதா, குழாயில் யாராவது பையோ துணியோ தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அடைப்பான் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வாசலில் வைக்கும் அகல்விளக்கை மீட்டருக்கு அருகே வைக்காதீர்கள்.

பெற்றோரோடு சேர்ந்து ஒரு சோதனையும் செய்யலாம். அடுப்பு, சுடுநீர்க் கருவி என எரிவாயுவில் இயங்கும் அனைத்தையும் நிறுத்துங்கள். மீட்டரின் எண்களை, கடைசி இலக்கம்வரை, எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால், பயன்படுத்தாத வாயு எங்கோ போகிறது. உடனே ஆளை அழைக்க வேண்டும். நகராவிட்டால் கசிவே இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. மிகச் சிறிய கசிவு இந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம்.

வாடை வந்தால் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லுங்கள். அடைப்பானை மூட முடிந்தால் மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியேறுங்கள். மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மீட்டருக்கு அருகிலேயே வாடை கடுமையாக இருந்தால் அங்கே நெருங்காதீர்கள். தொலைவுக்குச் சென்ற பிறகு, கட்டணச் சீட்டில் உள்ள அவசர எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

அத்தையிடம் நான் அலமாரியை உடைக்கச் சொல்லவில்லை. நான்கு லிட்டர் கணக்கைத்தான் சொன்னேன். மறுவாரம் அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டார். செய்தித்தாளும் சாய டப்பாவும் காணாமல் போயிருந்தன. உங்கள் வீட்டிலும் அப்படியோர் அலமாரி இருந்தால், அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.