நிலம் போனபின் உடம்பு

கண்டி வாவிக்கரையில் விடியற்காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வேகமாக நடப்பவர்களை, முதல் பஸ்ஸில் கூலிவேலைக்கு வரும் எமது ஆட்கள் ஒரு சிரிப்போடுதான் பார்ப்பார்கள். "வேலையில்லாதவர்களின் வேலை" என்று சொல்வதும் உண்டு. அந்த வாவி இருக்கும் இடம் ஒரு காலத்தில் வயல். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் குளம் கட்டத் தொடங்குவதற்கு முன் அங்கே நெல் விளைந்தது. அங்கே சேற்றில் இறங்கி நடந்தவர்களுக்கு உடம்புக்காகத் தனியே நடக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நிலத்தை இழந்து வந்திருக்கும் நாம் அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நிலம் இருந்தபோது உடம்புக்கு யாரும் வேலை தேடிக் கொடுக்கவில்லை. கொத்தினோம், வரம்பு கட்டினோம், பசளைக் கூடை சுமந்தோம், மாட்டுக்குப் புல் அறுத்தோம். வளர்ந்த ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மண்வெட்டி பிடித்தவர் அதை ஒரு காலைப் பொழுதிலேயே முடித்துவிடுவார். அப்படிக் களைத்து வந்தவருக்குக் கோப்பை நிறையச் சோறு தேவைப்பட்டது. அது செரித்தும் போனது.

விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கத்துக்குள் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கின. ஒன்று மனிதர் திட்டமிட்டுச் செய்தது, மற்றது மலை சரிந்து வந்தது. ஆனால் இரண்டிலும் வெளியேறிய விவசாயியின் உடம்புக்கு நேர்ந்தது ஒன்றே: பழகிய உழைப்பு ஒரே நாளில் நின்றுபோனது. பழகிய சாப்பாட்டின் அளவு அப்படியே இருந்தது. உண்மையைச் சொன்னால் அதன் தரம் இன்னும் குறைந்தது. நிவாரணப் பொதியில் வருவது வெள்ளையரிசி, கோதுமை மா, சீனி, பிஸ்கட். பசித்த வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர்களை நாம் குறைகூற மாட்டோம். எனினும் இரண்டு வாரத்துக்கென்று வந்த சாப்பாடு இரண்டு வருடப் பழக்கமாகிவிடக் கூடாது.

2005-2006 காலத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களுள் நகரங்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கும் கிராமங்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கும் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. கிராமத்தவனுக்கும் நகரத்தவனுக்கும் இரத்தம் வேறல்ல, வாழ்க்கை முறைதான் வேறு. நாமோ நகரத்து வசதிகள் எதுவும் கிடைக்காமல் நகரத்து வியாதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் நிலையில் நிற்கிறோம்.

வெறுந்தேநீரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து தடவை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி. உலக சுகாதார நிறுவனம் நாளுக்குச் சுமார் ஆறு கரண்டிக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. சோடாப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளம் இடப்படுகிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்தைப் பார்த்துப் பேரனைத் தடுக்கலாம். வெற்றிலை பாக்கு விடயத்தில் பாட்டியையே தடுக்க வேண்டியிருக்கும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயும் ஒன்று.

இனி, "தேகப்பயிற்சி செய்யுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி உபதேசிக்கும் வழக்கம் பற்றி. இதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வேலை போயிருக்கிறது. பெண்களுக்கு அது கூடியிருக்கிறது. தூரத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமப்பதும், இரண்டு பஸ் மாறி வீட்டுவேலைக்குப் போவதும், வந்து சமைப்பதும் அவர்கள்தான். அந்தச் சகோதரியைப் பார்த்து "நடவுங்கள்" என்பது அநியாயம். அவளுக்கு வேண்டியது நித்திரையும், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடாமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையுமே. தண்ணீர்க் குடத்தை ஆண்கள் தூக்கட்டும். அவர்களுக்கு அதுவே நல்ல அப்பியாசம், கசிப்புக் கடைப் பக்கம் போகும் நேரமும் குறையும்.

நித்திரையைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் எலியா இறைவாக்கினரை நினைத்துப் பார்க்கலாம். உயிருக்குப் பயந்து ஓடி, பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்தவரிடம் வானதூதர் நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அவரைத் தூங்கவிட்டார், தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடந்தது அதற்குப் பிறகுதான். ஓடிவந்தவரின் உடம்பை ஆண்டவர் அந்த ஒழுங்கில்தான் பார்த்தார்.

உடம்புக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வழிகாட்ட இந்தப் பிரதேசத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது: கண்டி வீட்டுத்தோட்டம். மேலே தென்னை, பலா, கித்துள். அவற்றின் கீழே சாதிக்காய், கராம்பு, மரத்தில் படரும் மிளகு. அதற்கும் கீழே கோப்பி, வாழை. நிலத்தில் இஞ்சி, மஞ்சள், கிழங்குகள். அடுக்கடுக்கான அந்த இலைகள் மழையின் வேகத்தைத் தடுக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கின்றன. வீட்டுக்காரருக்கு வருடம் முழுவதும் குனிந்து நிமிர வேலை இருக்கும். வயதானவர் ஒரு மணி நேரம் களை பிடுங்கலாம், பிள்ளை பாத்திக்குத் தண்ணீர் ஊற்றலாம். பலாவும் ஈரப்பலாவும் அரிசியில்லாத நாட்களில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தவை. பலாக்கொட்டையை வீசிவிட்டுக் கடையில் பிஸ்கட் வாங்குவது எமக்கு விளங்காத காரியம்.

இங்கேதான் எமது கோரிக்கையும் இருக்கிறது. விவசாயக் குடும்பங்களுக்குச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைக் கட்டிச் சாவியைக் கையில் கொடுத்து "குடியேற்றிவிட்டோம்" என்று சொல்வது போதாது. பாதுகாப்பான காணியில், வீட்டைச் சுற்றி ஒரு பலா மரமும் நாலு பாத்தியும் வைக்க இடம் வேண்டும். பிரதேச செயலகத்தில் வீட்டுத்திட்டம் பற்றிப் பேசும்போது இதை வீட்டுப் பிரச்சினையாக மட்டுமல்லாமல் சுகாதாரப் பிரச்சினையாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் கேட்கமாட்டார்கள். பத்துக் குடும்பங்களாகச் சேர்ந்து போவோம்.

காணி கிடைக்கும்வரை பழைய உரப்பைகள் இருக்கின்றன. வல்லாரை, பொன்னாங்காணி, பசளிக்கீரை, மிளகாய் எல்லாம் உரப்பையில் வளரும். முருங்கைக்கு வேலியோரத்தில் ஒரு முழ இடம் போதும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போனால் நிறை, பிரஷர், இரத்தத்தில் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். இந்த நிலையங்கள் 2011 முதல் நடைபெற்று வருகின்றன. எங்கே, எந்த நாளில் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்; தனியே போகச் சொன்னால் அவர் போகமாட்டார்.